"இன்று மாலைக்குள் கடைசி விலையைச் சொல்லுங்கள்": லண்டனில் முதல் வீட்டுக்கு ஆஃபர் வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் மூன்று படுக்கையறை டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது), கேட்கும் விலை 5,15,000 பவுண்ட். கணவன் மனைவி இருவருக்கும் முதல் வீடு, கையில் 10 சதவீத டெபாசிட் இருக்கிறது. சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை ஏஜென்ட் போன் செய்து, "வேறு ஒருவரும் ஆஃபர் வைத்திருக்கிறார், இன்று மாலைக்குள் உங்கள் கடைசி விலையைச் சொல்லுங்கள்" என்கிறார். எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது?

இன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றுதான். ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: வீடு பிடித்திருக்கிறது, நாளை மதியம் 12 மணிக்குள் எழுத்தில் ஆஃபர் தருகிறோம், இதை விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே இரவில் கை நழுவுகிற வீடு அபூர்வம். அவசரத்தில் போனில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பேரத்தில் அதற்குக் கீழே நீங்கள் இறங்குவது கடினம். சட்டப்படி பார்த்தால், இங்கிலாந்தில் ஆஃபரை விற்பவர் ஏற்றுக்கொண்டாலும், ஒப்பந்தங்களை இரு தரப்புச் சொலிசிட்டர்களும் (சொத்து வேலை பார்க்கும் வழக்கறிஞர்கள்) மாற்றிக்கொள்ளும் 'எக்ஸ்சேஞ்ச்' நாள் வரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. (ஸ்கொட்லாந்தின் முறை வேறு. அங்கே ஆஃபரே சொலிசிட்டர் வழியாகத்தான் போகும். கீழே வருவது இங்கிலாந்துக்கு மட்டும்.) ஊரில் போல டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து வீட்டைப் பிடித்து வைக்கிற வழக்கமும் இங்கே இல்லை. முன்பதிவுக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது ஏல முறை விற்பனையாக இருக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் திரும்ப வராது. நிபந்தனைகளை முழுதாகப் படிக்காமல் கட்டாதீர்கள்.

அடுத்து, அந்த ஏஜென்ட் யார் என்பது. ஊர்த் தரகர் இரு பக்கமும் கமிஷன் வாங்குவார், இரு பக்கமும் பேசுவார். இங்கே ஏஜென்ட் விற்பவரின் ஆள். விற்பவர் மட்டும்தான் அவருக்குக் கட்டணம் தருகிறார். எவ்வளவு சிரித்துப் பேசினாலும் நீங்கள் சொல்வதெல்லாம் விற்பவர் காதுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். "ஐந்து இருபது வரை போகலாம், ஆனால் முதலில் நாலு தொண்ணூறு கேட்டுப் பாருங்கள்" என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் நிறையப் பேர். அதைச் சொன்ன நொடியில் பேரம் முடிந்துவிட்டது, உங்கள் விலை 5,20,000.

ஆனால் அவர் விற்பவரின் ஆள் என்பதால் உங்களிடம் கூடுதலாக 10,000 கறப்பதுதான் அவருடைய முழு நோக்கம் என்று நினைப்பதும் தவறு. கணக்கைப் பாருங்கள். கமிஷன் ஒரு சதவீதம் என்றால், விலை 10,000 ஏறும்போது அவருடைய அலுவலகத்துக்குக் கூடுதலாக வருவது 100 பவுண்ட். விற்பனை முறிந்தால் போவது 5,000 பவுண்ட். விற்றால்தான் காசு என்ற அடிப்படையில்தான் பெரும்பாலான ஏஜென்ட்கள் வேலை செய்கிறார்கள். அதனால் ஏஜென்ட் உள்ளூரப் பயப்படுவது குறைந்த விலைக்கு அல்ல, ஆஃபர் வைத்துவிட்டு ஆறு வாரம் கழித்து மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கிடைக்கவில்லை என்று பின்வாங்கும் ஆளுக்கு. "இவர்கள் கடைசி வரை வந்து முடிப்பார்கள்" என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தால், விற்பவரிடம் உங்களுக்காக அவரே பேசுவார். உங்கள் பேரத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. வாய்ச் சாமர்த்தியம் இதில் இரண்டாம்பட்சம்.

இனி எண்ணுக்கு வருவோம். கேட்கும் விலையில் இத்தனை சதவீதம் குறைத்துக் கேள் என்று ஒரு பொதுவிதி கிடையாது. கேட்கும் விலை என்பது விற்பவரின் ஆசையும், வீட்டைத் தன் கைக்குக் கொண்டுவர ஏஜென்ட் சொன்ன மதிப்பும் சேர்ந்த ஒன்று. நீங்கள் பார்க்க வேண்டியது விற்ற விலை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் 1995 முதல் விற்ற விலைகளை அரசின் நிலப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசமாக வெளியிடுகிறது. ரைட்மூவ், சூப்லா என்ற வீட்டு விளம்பரத் தளங்களில் தெரிவதும் அதே தரவுதான். வீடு கைமாறிப் பதிவாகிப் பட்டியலில் வரச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பரப்பளவோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டின் எரிசக்திச் சான்றிதழிலும் மொத்தத் தரைப்பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் காசில்லாமல் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். நீங்கள் பார்த்த வீடு 92 சதுர மீட்டர். அதே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் கடந்த ஓராண்டில் விற்ற மூன்று வீடுகள் இப்படி என்று வையுங்கள்: 88 சதுர மீட்டர் வீடு 4,75,000, பின்பக்கம் நீட்டிக் கட்டிய 95 சதுர மீட்டர் வீடு 5,05,000, பழைய சமையலறையோடு 84 சதுர மீட்டர் வீடு 4,45,000. சதுர மீட்டருக்கு முறையே சுமார் 5,398, 5,316, 5,298 பவுண்ட். சராசரி 5,337. அதை 92 ஆல் பெருக்கினால் சுமார் 4,91,000 வருகிறது. கேட்கும் விலை சதுர மீட்டருக்குச் சுமார் 5,598. ஏறக்குறைய 24,000 பவுண்ட் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று இப்போது கையில் காகிதத்தோடு சொல்லலாம். மாடி அறையை முறையான அனுமதியோடு மாற்றியிருக்கிறார்களா, கூரை புதிதா, தோட்டம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கெல்லாம் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் 7 பவுண்ட் செலவழித்து லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அதிகாரபூர்வத் தளத்தில் அந்த வீட்டின் உரிமைப் பதிவேட்டை இறக்கிப் பாருங்கள். உரிமையாளர் பெயர், அடமானம் யாரிடம் இருக்கிறது என்பதோடு, சமீப காலத்தில் வாங்கிய வீடு என்றால் அவர் கொடுத்த விலையும் பெரும்பாலும் இருக்கும். 1998இல் வாங்கியவருக்கு 4,90,000 என்பது நல்ல லாபம், மனசு இடம் கொடுக்கும். 2022இல் 5,00,000 கொடுத்து வாங்கியவருக்கு அதே எண் நஷ்டமாகத் தெரியும். அவரிடம் எத்தனை நியாயம் சொன்னாலும் கசப்பாகத்தான் கேட்கும். யாரிடம் பேசுகிறோம் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய உதவி.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது 5,00,000 என்ற எண். 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்கு 3,00,000 வரை ஸ்டாம்ப் டியூட்டி இல்லை, அதற்கு மேல் 5,00,000 வரையான பகுதிக்கு 5 சதவீதம். ஆனால் விலை 5,00,000ஐ ஒரு பவுண்ட் தாண்டினாலும் சலுகை முழுவதும் போய்விடும். சரியாக 5,00,000க்கு வாங்கினால் வரி 10,000. 5,05,000க்கு வாங்கினால் 15,250. அதாவது விற்பவருக்கு 5,000 கூட்டிக் கொடுக்க உங்கள் கையிலிருந்து 10,250 போகிறது. இந்தக் கணக்கை ஏஜென்டிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் ஏன் போக முடியாது என்பதற்கு இதைவிடப் புரியும்படியான காரணம் கிடையாது. விற்பவரிடம் எடுத்துச் சொல்ல அவருக்கும் எளிது.

ஆனால் அந்தச் சலுகை உங்களுக்கு உண்டா என்பதை ஆஃபர் வைப்பதற்கு முன் உறுதி செய்யுங்கள். நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் வீடு என்றால் பிரிட்டனில் முதல் வீடு என்று பொருள் அல்ல. உலகத்தில் எங்கேயும், வாங்கியோ பரம்பரையாகவோ, ஒரு வீட்டிலோ வீட்டின் பங்கிலோ உரிமை இருந்திருக்கக் கூடாது. சேர்ந்து வாங்கும் இருவரில் ஒருவருக்கு இருந்தாலும் சலுகை இருவருக்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, மதுரையில் அப்பா இறந்தபின் அண்ணன் தம்பியோடு பெயரில் வந்த பங்கு, எல்லாம் இதில் அடங்கும். அது மட்டுமல்ல, இப்போதும் உங்கள் பெயரில் இருக்கும் அந்த உரிமையின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், இங்கே வாங்கும் வீடு 'கூடுதல் வீடு' என்ற கணக்கில் போய், 2024 அக்டோபர் 31 முதல் உள்ள 5 சதவீத மேல்வரியும் வரலாம். 5,00,000 பவுண்ட் வீட்டுக்கு 10,000 என்று நினைத்திருந்த வரி அப்போது 40,000 ஆகும். மூன்று ஆண்டுகளுக்குள் பரம்பரையாக வந்த சிறு பங்குக்கு விலக்கு உண்டு. அதன் நுணுக்கத்தைச் சொலிசிட்டரிடம் ஊர்ச் சொத்து விவரத்தோடு கேளுங்கள். யாரும் கேட்கவில்லையே என்று சொல்லாமல் விடாதீர்கள்.

5,00,000க்கும் விற்பவர் கேட்பதற்கும் ஓரிரு ஆயிரம்தான் வித்தியாசம் என்றால், கம்பளம், திரை, தனியாக நிற்கும் ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம் போன்ற அசையும் பொருள்களுக்குத் தனி விலை பேசலாம். அவற்றுக்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. ஆனால் அந்த விலை பழைய பொருளுக்கு உண்மையில் தகும் விலையாக இருக்க வேண்டும். சுவரோடு பொருத்திய சமையலறை இதில் சேராது. மோர்ட்கேஜ் கொடுப்பவருக்கும் சொலிசிட்டர் வழியாகத் தெரிய வேண்டும். பழைய சோபாவுக்குப் பத்தாயிரம் போட்டால் வரித்துறை ஏற்காது.

இப்போது உங்களிடம் மூன்று எண்கள் இருக்க வேண்டும், தாளில் எழுதிய எண்கள்: தொடங்குவது, நியாயம் என்று நினைப்பது, தாண்டவே கூடாதது. மேலே போட்ட கணக்குப்படி 4,78,000, 4,91,000, 5,00,000. மூன்றாவதைக் கணவன் மனைவி இருவரும் பேசி முடிவு செய்த பிறகே முதலாவதைச் சொல்லுங்கள். போட்டி சூடு பிடித்த பிறகு முடிவு செய்கிற உச்சவரம்பு உச்சவரம்பே அல்ல.

நம்பிக்கை கொடுக்கும் காகிதங்கள் எவை? மோர்ட்கேஜ் கிடைக்கும் என்று வங்கி தரும் முதல்நிலைக் கடிதம் ஒன்று. அதில் வங்கி உங்களுக்குத் தரத் தயாரான உச்சத்தொகையைப் போட்டு வாங்கி அப்படியே ஏஜென்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் ஆஃபருக்குப் பொருந்தும் தொகைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். ஏஜென்ட், "எங்கள் மோர்ட்கேஜ் ஆலோசகரிடம் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள், அப்போதுதான் ஆஃபரை அனுப்புவோம்" என்று சொல்லக்கூடும். உங்களால் வாங்க முடியுமா என்று சரிபார்க்க அவருக்கு உரிமை உண்டு. தன்னுடைய சேவையை வாங்கினால்தான் ஆஃபரை அனுப்புவேன் என்று சொல்ல உரிமை இல்லை. அவருடைய ஆலோசகரிடம் உச்சத்தொகையைச் சொல்லவும் வேண்டாம்.

இரண்டாவது, டெபாசிட் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். சம்பளத்தில் சேர்த்தது என்றால் வங்கிக் கணக்கு அறிக்கை போதும். அப்பா அம்மா கொடுத்தது என்றால், இது கடன் அல்ல, வீட்டில் பங்கும் கேட்கமாட்டோம் என்ற கடிதமும் அவர்களுடைய அடையாளமும் அவர்களுக்கு அந்தப் பணம் வந்த வழியும் கேட்பார்கள். சீட்டு எடுத்த பணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். லண்டன் தமிழர் வீட்டு டெபாசிட்டில் சீட்டுக்காசு சாதாரணம். ஆனால் ஒரே நாளில் 15,000 கணக்கில் விழுந்திருப்பதைப் பார்க்கும் சொலிசிட்டருக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. மாதாமாதம் நீங்கள் கட்டியது உங்கள் கணக்கிலிருந்து போனது தெரிய வேண்டும், சீட்டு நடத்துபவரிடம் ஒரு கடிதமும் வேண்டும். எல்லாம் ரொக்கமாகவே நடந்திருந்தால் ஆஃபருக்கு முன்பே சொலிசிட்டரிடம் பேசிவிடுங்கள். இந்தச் சிக்கலை எட்டாவது வாரத்தில் கண்டுபிடித்தால் வீடு போய்விடும்.

மூன்றாவது, சொலிசிட்டரின் பெயர். ஆஃபர் ஏற்கப்பட்ட பிறகு தேடத் தொடங்குபவரைவிட, பெயரும் முகவரியும் கையில் வைத்திருப்பவரை ஏஜென்ட் மேலாக நினைப்பார்.

ஆஃபரை முதலில் போனில் சொல்லி, அடுத்த பத்து நிமிடத்தில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் கேட்க வேண்டியவை சில: ஏன் விற்கிறார்கள், எங்கே போகிறார்கள், அடுத்த வீடு பார்த்துவிட்டார்களா, இந்த வீட்டுக்கு முன்பு ஆஃபர் ஏற்று முறிந்திருக்கிறதா, முறிந்தது ஏன். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். முந்தைய வாங்குபவரின் சர்வேயில் (கட்டடத்தின் நிலையை நிபுணர் பார்த்துத் தரும் அறிக்கை) பெரிய குறை வந்து, அது தனக்குத் தெரிந்தும் ஏஜென்ட் மறைத்தால் அது நுகர்வோர் சட்டத்துக்கு விரோதம். அதனால் இந்தக் கேள்வியை மின்னஞ்சலிலும் கேட்டு வையுங்கள். விற்பவர்களுக்குப் பள்ளி விடுமுறைக்குள் போக வேண்டும் என்றோ, புது வீடு தயாராக இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றோ தெரிந்தால் அது பணத்துக்குச் சமம். வாடகை வீட்டில் இருக்கும் உங்களால் அவர்கள் தேதிக்கு வளைந்து கொடுக்க முடியும். தங்கள் வீட்டை விற்றுவிட்டு வரவேண்டிய சங்கிலியில் இருப்பவரால் அது முடியாது.

மின்னஞ்சலின் சாரம் இப்படி இருக்கட்டும்:

"இன்ன முகவரியிலுள்ள வீட்டுக்கு 4,78,000 பவுண்ட் ஆஃபர் தருகிறோம், ஒப்பந்தத்துக்கும் சர்வேக்கும் உட்பட்டு. நாங்கள் முதல்முறை வாங்குபவர்கள், விற்க வேண்டிய வீடு எதுவும் இல்லை. மோர்ட்கேஜ் கடிதமும் 10 சதவீத டெபாசிட்டுக்கான ஆதாரமும் இணைத்திருக்கிறோம். எங்கள் சொலிசிட்டர் இன்னார். விற்பவருக்கு ஏற்ற தேதிக்கு முடித்துத் தருவோம். இந்த விலைக்கு அடிப்படையான மூன்று விற்பனைகளின் பரப்பளவும் விலையும் கீழே உள்ளன. ஆஃபரை ஏற்றால் வீட்டை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், இனி யாருக்கும் காட்டக் கூடாது. இந்த ஆஃபர் வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை."

வீட்டைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம். பத்து ஆண்டு வாழ்ந்த வீட்டின் சமையலறை மட்டம் என்று எழுதினால் விற்பவர் மனம் அங்கேயே மூடிக்கொள்ளும். பக்கத்துத் தெரு விலை யாரையும் புண்படுத்தாது.

அந்த 'வேறு ஒருவர்' இருக்கிறாரா என்ற கேள்விக்கு வருகிறேன். இருக்கலாம். 1979ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டமும் அதன் கீழ் 1991இல் வந்த ஆணையும் இரண்டு விஷயத்தில் கண்டிப்பானவை. வரும் ஆஃபரை, இன்ன மாதிரி வேண்டாம் என்று விற்பவர் எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, தாமதமில்லாமல் எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக் கூடாது. அதனால் கோபப்படாமல் எழுத்தில் கேளுங்கள்: அந்த ஆஃபர் எழுத்தில் வந்ததா, அவர் சங்கிலியில் இருக்கிறாரா, விற்பவர் அதற்கு என்ன சொன்னார்? தொகையைச் சொல்ல மாட்டார்கள், பரவாயில்லை. எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பொய் சொல்ல எந்த ஏஜென்டும் யோசிப்பார். ஒவ்வொரு ஏஜென்டும் அங்கீகரிக்கப்பட்ட குறைதீர் அமைப்பு ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் பதில் எதுவாக இருந்தாலும் தாளில் எழுதிய மூன்றாவது எண் மாறாது. இன்னொருவர் 5,10,000 கொடுக்கிறார் என்பதால் அந்த வீட்டுக்கு வங்கி போடும் மதிப்பு கூடிவிடாது.

முதல் ஆஃபர் மறுக்கப்படும். அதற்காகத்தான் அது முதல் ஆஃபர். உடனே ஏற்றிவிடாமல், "விற்பவர் எந்த எண்ணை எதிர்பார்க்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். "ஐந்து பத்துக்குக் கீழே யோசிக்க மாட்டார்" என்று வந்தால், ஒரு நாள் விட்டு 4,86,000. பிறகு 4,90,000. பிறகு 4,92,500. ஏற்றம் எட்டாயிரம், நாலாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு என்று சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். எல்லை நெருங்குகிறது என்று எதிர்ப்பக்கம் தானாகப் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் ஐந்தைந்தாயிரமாக ஏற்றினால் இன்னும் ஒரு ஐந்து இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். ஏற்றும்போதெல்லாம் பதிலுக்கு ஏதாவது கேளுங்கள்: தோட்டத்துக் கொட்டகையையும் அடுப்பையும் விட்டுப்போவது, இன்றே விளம்பரத்தை எடுப்பது, குறிப்பிட்ட தேதிக்குள் எக்ஸ்சேஞ்ச். சும்மா ஏற்றினால் முந்தைய எண் பொய் என்று ஒப்புக்கொண்டது போல ஆகும்.

பல பேர் போட்டியிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் இறுதி ஆஃபரை மூடிய உறையில் தரவேண்டும் என்று சொன்னால் மட்டும் இந்தப் படிப்படியான ஏற்றம் நடக்காது. அப்போது மூன்றாவது எண்ணுக்குக் கீழே, தோற்றாலும் வருந்தாத எண்ணைக் கொடுங்கள். முழு எண்ணாக இல்லாமல் 4,97,350 போலக் கொடுப்பது நல்லது. 4,97,000 என்று நினைப்பவர்கள் பலர் இருப்பார்கள். கூடவே காகிதங்கள் அத்தனையும் போகட்டும். அதிக விலையை மட்டும் பார்க்காமல் முடிப்பவர் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் விற்பவர்கள் உண்டு.

4,92,500க்கு ஏற்றுக்கொண்டார்கள் என்று வைப்போம். விலை, நிபந்தனை, இரு தரப்புச் சொலிசிட்டர் விவரம் எல்லாம் அடங்கிய விற்பனைக் குறிப்பை ஏஜென்ட் எல்லோருக்கும் அனுப்புவார். அதில் நீங்கள் பேசிய எல்லாம் இருக்கிறதா பாருங்கள். மறுநாள் ரைட்மூவில் அந்த வீட்டைத் தேடிப் பாருங்கள். 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டு விற்கப்பட்டது' என்று மாறவில்லை என்றால் அன்றே போன் செய்யுங்கள். விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை வேறொருவர் கூட்டிக் கேட்டு உள்ளே வர வழி திறந்தே இருக்கிறது. அப்படி வந்தாலும் சட்டம் உங்களைக் காக்காது. எக்ஸ்சேஞ்ச் வரை வரும் ஆஃபர்களை விற்பவரிடம் சொல்ல ஏஜென்ட் கடமைப்பட்டவர். உங்களுக்கு இருக்கும் ஒரே தற்காப்பு வேகம். மோர்ட்கேஜ் விண்ணப்பம், சொலிசிட்டரின் அடையாளச் சரிபார்ப்பு, கவுன்சில் தேடல்களுக்கான (வீட்டைப் பற்றி உள்ளூர் கவுன்சிலிடம் உள்ள பதிவுகளைச் சொலிசிட்டர் கேட்டுப் பார்ப்பது) பணம், சர்வேக்கு நாள் குறிப்பது என நான்கையும் அந்த வாரத்திலேயே முடியுங்கள்.

சர்வே விஷயத்தில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறார். சில சமயம் வீட்டுக்கே வராமல் கணினியில் முடித்துவிடுவார்கள். ஈஸ்ட் ஹாம் டெரஸ் வீடுகளில் பெரும்பாலானவை நூறு ஆண்டைத் தாண்டியவை. ஒவ்வொரு தலைமுறையும் உள்ளே இடித்து மாற்றியிருக்கும். இவற்றுக்கு ஆர்.ஐ.சி.எஸ். (சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பு) வகுத்த, மிக விரிவான மூன்றாம் நிலை சர்வேதான் பொருத்தம்.

ஒரு குறையை நீங்களே கண்ணால் பார்க்கலாம். தெருவுக்குப் போய்க் கூரையைப் பாருங்கள், புகைபோக்கி நிற்கிறதா? மாடிப் படுக்கையறையில் அதற்கு நேர் கீழே சுவரிலிருந்து செங்கல் மேடை போலத் துருத்திக்கொண்டு வருகிறதா? இப்போது கீழே சமையலறைக்கு வாருங்கள். அதே இடத்தில் சுவர் மட்டமாக இருந்தால், இடம் வேண்டும் என்று கீழ்ப்பகுதியை மட்டும் யாரோ இடித்து எடுத்திருக்கிறார்கள். மேலே நிற்கும் செங்கல் டன் கணக்கில் எடை இருக்கும். அதைத் தாங்க இரும்பு உத்திரம் போட்டார்களா, கவுன்சிலின் கட்டட விதிமுறை முடிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சான்றிதழ் இல்லை என்றால் விற்பவரின் சொலிசிட்டர் காப்புறுதி ஒன்றை எடுத்துத் தருகிறோம் என்பார். அந்தக் காப்புறுதி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்கு. செங்கல் கீழே வராமல் அது காக்காது. கட்டமைப்புப் பொறியாளரை வைத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் சொலிசிட்டரைக் கேட்காமல் கவுன்சிலுக்குப் போன் செய்யாதீர்கள். கவுன்சிலுக்குத் தகவல் போய்விட்டால் அந்தக் காப்புறுதி பிறகு கிடைக்காமல் போகலாம்.

சர்வேக்குப் பிறகு விலையை மறுபடி பேசலாம், ஒரே ஒரு முறை. எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில், அறிக்கையின் அந்தப் பக்கங்களோடும் கட்டட வேலைக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டோடும் அனுப்புங்கள். பழைய ஜன்னல், தேய்ந்த கம்பளம் போன்றவை பார்க்கப் போனபோதே தெரிந்தவை, அவற்றுக்குக் குறைத்துக் கேட்டால் உண்மையான குறையும் சேர்ந்து அடிபடும். உத்திரம் போட 7,000 என்று மதிப்பீடு வந்தால் 7,000 கேளுங்கள், 5,000க்கு வந்தால் யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள். குறைத்த விலையை மோர்ட்கேஜ் கொடுப்பவருக்கும் தெரிவிக்க வேண்டும். விற்பவரே வேலையை முடித்துத் தருகிறேன் என்றால் தயங்குங்கள். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான ஆளைத்தான் பிடிப்பார்.

வங்கியின் மதிப்பீடு குறைந்து வருவது இன்னொரு கட்டம். விலை 4,92,500, வங்கி 4,80,000 என்கிறது என்றால், 90 சதவீதக் கடன் 4,43,250 இலிருந்து 4,32,000 ஆகிவிடும். டெபாசிட்டுக்கு 49,250 வைத்திருந்த இடத்தில் 60,500 வேண்டும். இந்தச் சமயத்தில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிடப் பலமானது. அடுத்து வருபவருக்கும் ஒரு வங்கி இதே மதிப்பைப் போடக்கூடும் என்று ஏஜென்டுக்குத் தெரியும். மதிப்பீட்டுக் கடிதத்தை அனுப்பி 4,80,000 கேளுங்கள். மறுத்தால் வித்தியாசத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். கூடவே முன்பு போட்ட சதுர மீட்டர் கணக்கை மோர்ட்கேஜ் தரகர் வழியாக வங்கிக்கு அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம். அதே தெருவில், அதே அளவில், சமீபத்தில் விற்ற வீடுகள் என்றால் மட்டும் அதற்குப் பலன் இருக்கும். இல்லையென்றால் வேறு வங்கி.

எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு நாள் முன்னால் விற்பவர் திடீரென்று 5,000 கூட்டிக் கேட்டால், ஏஜென்டுக்கு ஒரே வரி போதும்: ஒப்புக்கொண்ட விலைக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்திடத் தயார், அதற்கு மேல் இல்லை. அதுவரை சர்வேக்கும் தேடல்களுக்கும் சொலிசிட்டருக்கும் நீங்கள் செலவழித்தது போய்விடுமே என்ற பயத்தைத்தான் அவர் கணக்குப் பண்ணுகிறார். அவரும் இன்னொரு வாங்குபவரைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவர் வாங்கப்போகும் வீடும் அதுவரை காத்திருக்காது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் வேலையை ஏஜென்டே செய்வார்.